ஒப்புமை உறவாகாது: விரால், மெல்வியஸ், நம் தமிழ்த்துறைகள்

மீனின் தாடையெலும்பைப் பற்றிப் பேசுவது இலக்கிய வாசகரின் வேலை இல்லை என்பது நம்மிடையே எழுதப்படாத விதியாக நிலவுகிறது. கவிதையில் கயலும் வாளையும் துள்ளலாம். கண்ணுக்கு உவமையாகக் கெண்டை வரலாம். ஆனால் ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் உள்ள உறவை எதைக் கொண்டு துணிவது என்று எவரேனும் கேட்டுவிட்டால், 'அது விலங்கியல்காரர் பாடு' என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த ஒதுக்கத்துக்கு நாம் கொடுத்துவரும் விலை பெரிது. உறவை எப்படி நிறுவுவது என்னும் வினா விலங்கியலின் தனிச்சொத்து அன்று. மொழி வரலாற்றுக்கும் சுவடிப் பதிப்புக்கும் அதுவே அடித்தளம். அவ்வினாவை நாம் மறந்த இடத்தில்தான், 'ஒலி ஒத்திருக்கிறது, ஆகவே மூலம் தமிழே' என்னும் வகை எழுத்துகள் மேடையேறிக் கைதட்டு வாங்குகின்றன.

ஆகவே, அழிந்துபோன ஒரு பெருமீன் பேரினத்தை முன்வைத்து இங்கே வழக்காட விரும்புகிறோம். அதன் பெயர் மெல்வியஸ். தமிழிலக்கியம் பயின்றோர் இதை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்போர், முடிவுவரை பொறுத்தருள்க.

முதலில் நமக்குத் தெரிந்த மீனிலிருந்து தொடங்குவோம். வைகை அணைப் பகுதியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் கண்மாய்களிலும் விராலை அறியாதவர் இலர். சங்கப் பாடல்களில் வரால் என்று வருவதும் இதுவே. நீண்டு உருண்ட உடல். முதுகு நெடுகிலும் ஓடும் துடுப்பு. சேற்று நீரில் மேலெழுந்து காற்றை விழுங்கும் பழக்கம். கூட்டமாய்த் திரியும் குஞ்சுகளைக் காத்து நிற்கும் பெற்றோர். விராலினத்துள் பெரிதாக வளரும் ஒரு வகைக்கு வாலடியில் கண்போன்ற புள்ளியும் உண்டு.

இனி, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நன்னீரில் வாழும் அமியா என்னும் மீனைப் பாருங்கள். நீண்டு உருண்ட உடல், முதுகு நெடுகிலும் துடுப்பு, காற்றை விழுங்கும் பழக்கம், குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் ஆண்மீன், ஆணின் வாலடியில் கண்போன்ற கரும்புள்ளி. சின்னமனூரில் ஒருவரிடம் இதன் படத்தைக் காட்டினால் 'விரால்தானே' என்றே சொல்வார். அவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்னும் ஊர்க் குளமொன்றில் ஆசிய விரால் வகையொன்று பெருகியது கண்டு அந்நாடே பதறியது. குளத்து நீரில் நஞ்சு கலந்து அவற்றை ஒழித்தனர். தம் நாட்டு மீனாகிய அமியாவையே விரால் என்று மயங்கிக் கொன்றுவிட வேண்டாம் என்று அந்நாட்டு வனவுயிர்த் துறைகள் படம் போட்டு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியும் ஒப்புமை எங்கும் மயக்கும்.

எலும்பைத் திறந்தால் மயக்கம் தீர்கிறது. விராலின் தலை பெருஞ்செதில்களால் மூடப்பட்டது. பாம்புத்தலை என்று ஆங்கிலேயர் பெயரிட்டது அதனால்தான். அமியாவின் தலையில் செதிலே இல்லை, வெற்றெலும்பு. லின்னேயஸ் 1766இல் அதற்கு இட்ட 'கால்வா' என்னும் அடைமொழிக்கு வழுக்கை என்று பொருள். சார்ல்ஸ்டன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் அனுப்பிய மாதிரிகளிலிருந்து அவர் அதை விவரித்தார். விராலின் மலவாய்த் துடுப்பு நீளமானது, அமியாவினுடையது குட்டை. விராலின் இடுப்புத் துடுப்புகள் மார்புத் துடுப்பை ஒட்டி நிற்கின்றன; அமியாவுக்கு அவை வயிற்றின் நடுப்பகுதிக்குப் பின்வாங்கியுள்ளன. விரால் காற்றைச் சுவாசிப்பது செவுளுக்கு மேலுள்ள தனி அறையினால். அமியா சுவாசிப்பது நுரையீரல்போல் குருதிநாளங்கள் செறிந்த காற்றுப்பையினால். அமியாவின் முதுகெலும்பு வாலில் மேல்நோக்கி வளைந்து செல்கிறது. புறத்தே வட்டமாகத் தெரியும் வால் உள்ளே சமச்சீர் அற்றது. கீழ்த்தாடையின் இரு கிளைகளுக்கு நடுவே, மோவாய்க்கு அடியில், அகன்ற எலும்புத் தகடு ஒன்று அமியாவுக்கு உண்டு, விராலுக்கு இல்லை. எல்லாவற்றினும் முக்கியமானது தாடை மூட்டு. விராலின் கீழ்த்தாடை மண்டையோடு ஓர் எலும்பின் வழியாக மூட்டுகிறது. அமியாவில் குவாட்ரேட், சிம்பிளெக்டிக் என்னும் இரண்டு எலும்புகள் அடுத்தடுத்து நின்று கீழ்த்தாடையைத் தாங்குகின்றன.

இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. வகைப்பாட்டின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. மோவாய்த் தகட்டை எடுத்துக்கொள்வோம். நம் கழிமுகங்களில் கிடைக்கும் டார்ப்பன் மீனுக்கும் அது உண்டு. அதனால் டார்ப்பன் அமியாவின் தங்கையாகிவிடாது. அத்தகடு பழைய மீன்கள் பலவற்றுக்கும் பொதுவாக இருந்த முதுசொம். சிலர் காத்துக்கொண்டனர், பலர் இழந்தனர். இரட்டைத் தாடைமூட்டு அப்படியன்று. அது ஒரு கிளையின் முன்னோரிடத்தில் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தோரிடம் தொடர்ந்த மாற்றம். உறவுக்குச் சான்றாவது பகிர்ந்துகொண்ட புதுமை. பகிர்ந்துகொண்ட பழமை சான்றாகாது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் இதை முறையான கோட்பாடாக்கினார்.

தமிழ் பயின்றோருக்கு இது புதிய செய்தியா? சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் கலையின் முதற்பாடம் இதுதானே! இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒன்றுபோல் இருந்தால் அதனால் எதுவும் துணியப்படாது. மூலத்திலிருந்த பாடம் இரண்டிலும் தனித்தனியே காக்கப்பட்டிருக்கலாம். இரண்டு ஏடுகளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை, ஒரே விடுபாடு, ஒரே இடைச்செருகல் இருந்தால் மட்டுமே அவை ஒரு தாயேட்டின் பிள்ளைகள் என்று சொல்கிறோம். லாக்மன் என்னும் ஜெர்மானியரின் பெயரால் ஐரோப்பியர் வழங்கும் நெறியின் சாரம் இது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் போற்றும் நாம், ஏடுகளை ஒப்பிடும் அறிவும் எலும்புகளை ஒப்பிடும் அறிவும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை மாணவருக்கு என்றேனும் சொன்னதுண்டா?

மொழிக்குடும்ப ஆய்வும் அவ்வாறே. 1816இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதியபோதும், 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டபோதும், அவர்கள் எதிர்கொண்ட கருத்து, 'இத்தனை வடசொற்கள் இருப்பதால் இவை வடமொழியின் மகள்கள்' என்பது. கடன்சொல் கண்ணைப் பறிக்கும் ஒப்புமை. விராலின் முதுகுத்துடுப்பைப் போன்றது அது. வேர்ச்சொல், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைத்திரிபு ஆகியவையே எலும்புகள். அந்த எலும்புகளை எண்ணித்தான் தமிழின் தனிமை நிறுவப்பட்டது. தமிழுக்கு நன்மை செய்த அதே நெறியை, நமக்கு உவப்பில்லாத முடிவு வரும்போது கைவிடுவது நேர்மையாகுமா என்று கேட்கிறோம்.

இனி மெல்வியஸ். 1987இல் பிரையன்ட் என்னும் ஆய்வாளர், மொண்டானா மாநிலத்தின் ஹெல் கிரீக் பாறையடுக்கிலிருந்து கிடைத்த எலும்புகளைக் கொண்டு இப்பேரினத்தை நிறுவினார். டைரனோசாரஸ் உலவிய அதே காலம், அதே ஆற்றுவெளி. கிரிட்டேசியஸ் ஊழியின் கடைக்கூறு, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. நியூ மெக்சிகோவில் கிடைத்த இன்னொரு சிற்றினம் 1989இல் இதனுடன் சேர்க்கப்பட்டது. இன்றைய அமியா பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. மெல்வியஸ் அதனினும் மிகப் பெரியது. முழு உடலாக அது நம்மிடம் இல்லை. உதிர்ந்த தாடைத் துண்டுகள், பற்கள், முள்ளெலும்புகள் இவையே பெரும்பாலும் கிடைத்தவை. வாசகர் இங்கே ஐயுறலாம்: துண்டுகளைக் கொண்டு குடும்பம் சொல்வது எவ்வாறு?

முதற்குறி எழுதி மங்கிய கல்வெட்டை வாசிப்பது போலத்தான். அமியா குடும்பத்து முள்ளெலும்பு வட்டுப்போன்றது; அதன் மேற்புறத்தில், தண்டுவடத்தைக் காக்கும் வளைவெலும்பின் இரு கால்கள் வந்து பொருந்துவதற்கான இணைக்குழிகள் தெரியும். வளைவு உதிர்ந்து போனாலும் அது நின்ற தடம் நிற்கிறது. அடுத்து, பல். மெல்வியஸின் பெரிய பற்களின் முனையில் கூரிய விளிம்புடைய கடினத் தொப்பி இருக்கிறது. அக்கூர்விளிம்பு இன்றைய அமியாவின் பல்லில் இல்லை. ஸ்பெயின் நாட்டு விடலாமியா, பிரேசிலின் கலமோப்ளூரஸ், மாலி நாட்டுப் பாறைகளில் கிடைத்த மாலியாமியா ஆகிய அழிந்த மீன்களில் இருக்கிறது. ஆகவே இவை ஒரு துணைக்குடும்பம். 1998இல் லான்ஸ் கிராண்டும் வில்லியம் பெமிஸும் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு தனிநூலில், அமியா குடும்பம் முழுவதையும் எலும்பு எலும்பாக ஒப்பிட்டு நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரித்தனர். அதில் அவர்கள் முதலில் செய்தது, உயிரோடுள்ள அமியாவின் எலும்புக்கூட்டைக் குஞ்சு முதல் முதுமீன் வரை பல மாதிரிகளில் விவரித்தது. எது வயதினால் வரும் மாற்றம், எது இனத்தினால் வரும் மாற்றம் என்று அறியாமல் புதைபடிவத்தைத் தொடலாகாது என்பது அவர்கள் நெறி. தனிப்பாடல் ஒன்றைக் கண்டவுடன் அதற்குக் காலமும் ஆசிரியரும் கற்பிக்கும் நம் கட்டுரையாளர்கள் இந்தப் பொறுமையைக் கற்கலாம்.

இவற்றுக்கு மூன்று மறுப்புகள் வரும் என்பதை அறிவோம்.

முதலாவது, 'அறிவியல்தான் அடிக்கடி மாறுகிறதே' என்பது. மாறுகிறது, மெய்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யோஹானஸ் மியூல்லர் அமியாவையும் நீள்மூக்குக் கார் மீனையும் 'ஹோலோஸ்டை' என்று ஒன்றாக வைத்தார். 1973இல் காலின் பேட்டர்சன் அதைக் கலைத்து, அமியா இன்றைய எலும்பு மீன்களுக்கே நெருக்கம் என்றார். 2010இல் கிராண்ட் மீண்டும் எலும்புகளை ஆராய்ந்து பழைய பிரிவையே மீட்டார். 2021இல் அமியாவின் மரபணுத்தொகை முழுமையும் வெளியானபோது, அமியாவும் காரும் உடன்பிறப்பு என்பதே உறுதிப்பட்டது. உயிரோடிருக்கும் அமியா ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2022இல் அது இரண்டு என்று காட்டப்பட்டது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணமும் சான்றும் உண்டு. சான்று கண்டு மாறுவது வேறு. சான்றே கேளாமல் நூறாண்டு ஒரே சொல்லைச் சொல்வது வேறு.

இரண்டாவது, 'தொல்காப்பியர் அன்றே வகுத்துவிட்டார்' என்பது. மரபியலின் ஆறறிவுப் பாகுபாட்டை நாம் வேறெவருக்கும் குறையாமல் மதிக்கிறோம். நண்டையும் தும்பியையும் நான்கறிவுக்குள் வைத்த அந்தப் பார்வை உற்றுநோக்கலின் விளைவு. ஆனால் அது புலன்களின் படிநிலை. யார் யாருக்கு உறவு என்னும் கேள்வியை அது எழுப்பவே இல்லை. எவ்வுயிரை எச்சொல்லால் வழங்குவது, அதன் இளமைக்கு எப்பெயர் என்னும் சொல்மரபே அவ்வியலின் நோக்கம். கேளாத கேள்விக்கு அவரிடம் விடை வாங்குவது அவரைப் பெருமைப்படுத்துவதாகாது. தொல்காப்பியரைத் தொல்காப்பியராகவே படிக்க விடுவதுதான் மரியாதை.

இதன் உடன்பிறப்பான இன்னொரு வாதம், லெமூரியா. இச்சொல்லை உருவாக்கியவர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், ஆண்டு 1864. மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் நம் நாட்டுத் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்கக் கடலில் மூழ்கிய நிலமொன்றை அவர் ஊகித்தார். உறவு மெய், ஊகம் பொய்த்தது. கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின் மூழ்கிய நிலத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. அவர் துறையினர் அதைக் கைவிட்டனர். நாம் அதை எடுத்துக் குமரிக்கண்டமாக்கி மேடைதோறும் பேசிவருகிறோம். பிறர் துறந்த ஊகத்தைத் தம் வரலாறாக அணிந்துகொள்வோர், அது எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்பதையேனும் அறிய வேண்டாவா?

மூன்றாவது மறுப்பு, 'இவை நம் மண்ணுக்குத் தொடர்பற்றவை' என்பது. இது பிழை. அமியாவின் நெருங்கிய உறவாகிய கார் மீன்களின் எச்சம் மகாராட்டிரத்தின் டோங்கர்காவ் லமேட்டாப் படுகைகளில் கிடைத்ததை 1908இல் ஸ்மித் உட்வர்ட் விவரித்தார். மொண்டானாவில் மெல்வியஸ் நீந்திய அதே ஊழியின் இறுதியில், தக்காணத்தில் கார் மீன்கள் நீந்தின. அதற்கும் முற்பட்ட ஜுராசிக் ஊழியின் கோட்டாப் பாறைகளில், பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில், கார் மீனின் தொல்லுறவான லெபிடோடஸ் 1851லேயே பெயரிடப்பட்டுவிட்டது.

அவ்வளவு தொலைவு போக வேண்டாமெனில், நம் வயலுக்கு வரும் நீரையே பாருங்கள். 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்த நீர் தேங்கும் பெரியாற்று ஏரிப் பகுதியில் மட்டுமே வாழும் மீன் ஒன்றுண்டு. 1941இல் சுந்தர ராஜ் அதற்கு லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று பெயரிட்டார். அப்பேரினத்தில் அது ஒன்றே. மலவாயின் இருமருங்கும் ஓடுவேய்ந்தாற்போல் நிற்கும் பெருஞ்செதில் வரிசையைக் கண்டு, இமயத்துக் குளிர்நீர் மீன்களாகிய ஸ்கிசோதோராக்ஸ் கூட்டத்தில் அதை வைத்தனர். இமயத்து மீனுக்குத் தெற்கே இத்தனை தொலைவில் உறவு வந்தது எப்படி என்னும் புதிரும் உடன் பிறந்தது. பின்னாளைய மரபணு ஆய்வுகள் அதைப் பெருங்கெண்டையாகிய மகசீரும் அதன் சுற்றமும் அடங்கும் கிளையில் கொண்டு சேர்த்தன. இமயத்து உறவு கரைந்தது, புதிரும் கரைந்தது. செதில் வரிசை வெறும் ஒப்புமை. கம்பத்துக்கு மேலே, நம் குடிநீரிலேயே இந்தப் பாடம் நீந்திக்கொண்டிருக்கிறது. ஆனால் இதை விரிவாகச் சொல்லும் தமிழ்நூல் ஒன்றை நம் மாணவர் கையில் கொடுக்க நம்மிடம் இல்லை.

இங்கேதான் தமிழ்த்துறைகளின் மீது நம் குற்றச்சாட்டு. கலைச்சொல்லாக்கம் என்றால் ஆங்கிலச் சொல்லை உடைத்துத் துண்டுக்குத் துண்டு பெயர்ப்பது என்று நாம் பழகிவிட்டோம். அமியாவின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'வில்துடுப்பு மீன்' என்று ஆக்கிவிட்டு அகராதியில் ஏற்றுவது எளிது. ஆனால் வில்போல் நீண்டு வளையும் அந்த முதுகுத்துடுப்பு அமியாவுக்கும் அதன் மிக நெருங்கிய உறவுகளுக்குமே உரியது. முழு உடலோடு கிடைத்துள்ள கலமோப்ளூரஸ் அதே குடும்பம். அதன் முதுகுத்துடுப்போ குட்டை. குடும்பம் முழுமைக்கும் 'வில்துடுப்புக் குடும்பம்' என்று பெயரிட்டால், வில்லே இல்லாதவரையும் வில்லாளி என்று அழைத்ததாகும். 'அமியாக் குடும்பம்' என்று விட்டுவிடுவதே பொருந்தும். மாறாக, உறுப்புகளுக்கு ஒலிபெயர்ப்பு வேண்டுவதில்லை. 'மோவாய்த் தகடு' என்றால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டவுடன் விளங்கும். எதைப் பெயர்ப்பது, எதை விடுவது என்பதை உடற்கூறு அறியாமல் துணிய முடியாது. எலும்பைப் பார்க்காமல் எலும்புக்குப் பெயரிடும் குழுக்கள் ஆயிரம் சொற்கள் ஆக்கினாலும், அவை அகராதியிலேயே பிறந்து அகராதியிலேயே மடியும்.

இன்னொரு பக்கம், சொற்கள் ஏற்கெனவே உள்ள இடத்தை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. செவுள், செதில், துடுப்பு, முள் ஆகியவை பாடநூலுக்குப் போய்ச் சேர்ந்தவை. மீனை அறுத்து விற்போர் நாவில் இவற்றுக்கு அப்பாலும் சொற்கள் இருக்கும். விராலைக் குரவையிலிருந்து பிரித்தறியும் கண் அவர்களுக்கு உண்டு. வைகை அணைக் கரையில் மீன் இறங்கும் நேரத்தில் ஒரு முதுகலை மாணவர் குறிப்பேட்டோடு நின்றால் கிடைக்கக்கூடியதை, நூலகத்தில் அமர்ந்து ஆக்கிவிட முடியாது. நம் துறைகளில் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. ஒரு புதினத்தில் பெண் பாத்திரங்கள், இன்னொரு புதினத்தில் பெண் பாத்திரங்கள் என்று தலைப்புகள் தொடர்கின்றன. வட்டார மீன்களின் பெயர், உறுப்புப்பெயர், பிடிக்கும் கருவியின் பெயர் இவற்றைத் தொகுத்து, விலங்கியல் துறையினரோடு அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் எலும்போடு அடையாளம் காட்டும் ஆய்வு ஒன்றை ஏற்க எத்தனை வழிகாட்டிகள் முன்வருவர்?

நாம் வேண்டுவது மிகையானதன்று. இளங்கலைத் தமிழ் மாணவருக்கு ஒரு பருவத்தில் ஒரு தாளேனும் ஒப்பாய்வு நெறிக்கு ஒதுக்குங்கள். அதில் கால்டுவெல்லும் இருக்கட்டும், சுவடியின் கொடிவழியும் இருக்கட்டும், மெல்வியஸின் பல்லும் இருக்கட்டும். பகிர்ந்த பிழைக்கும் பகிர்ந்த சரிக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை ஏட்டிலும் ஒருமுறை எலும்பிலும் கண்டுவிட்ட மாணவர், ஒலி ஒத்ததென்று உறவு கொண்டாடும் கட்டுரையைப் படிக்கும்போது, 'இதில் புதுமை எது, முதுசொம் எது, கடன் எது' என்று கேட்பார். அப்படிக் கேட்கும் பத்து மாணவர்கள் ஒரு வகுப்பில் இருந்தால், மேடையில் பேசுவோரும் எழுதிவந்த தாளை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டே ஏறுவர்.